தண்ணீருக்குக் கோட்டா கிடையாது

வணிகப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். "ஈய விலை உயர்வு: சுரங்கத் தொழிலாளர் மகிழ்ச்சி" என்ற தலைப்பு இனிமேல் என் கண்ணில் படக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகும் காலைப் பத்திரிகையைச் சிவப்புப் பேனாவோடு படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, எழுதியவரைக் கூப்பிட்டு எந்தத் தொழிலாளரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் பேசவில்லையாம். விலை ஏறினால் மகிழ்ச்சி வரத்தானே சார் வேண்டும் என்றார். அவரைத் திட்டிப் பயனில்லை. என்னை வேலைக்கு வைத்திருந்த ஆசிரியரும் கடைசிவரை அப்படித்தான் நம்பினார்.

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டத்துக்குக் கட்டிய தோரணங்கள் வெளுக்கத் தொடங்கிய காலம். நான் மலாக்காவின் செய்தியாளர். காஜா பெராங்கில், செட்டிகள் வாழும் தெருவுக்கு ஒரு சந்து தள்ளி, ஆறுமுகம் என்பவரின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். ஆறுமுகம் ஜாசின் சாலையில் இருந்த ஒரு சிறிய ஈயச் சுரங்கத்தில் பெரிய பம்பை ஓட்டும் இஞ்சின்காரர். வெள்ளீயத்தை நாங்கள் ஈயம் என்றே சொல்வோம்; ஈயச் சுரங்கத்தை எங்கள் பக்கத்தில் லம்பம் என்போம். அவர் மனைவி லெட்சுமி மருத்துவமனையில் ஆயா. இரண்டு சம்பளம் வரும் வீடு என்பதால் தெருவில் அவர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்த ஆண்டின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். உலகச் சந்தையில் ஈயம் தேங்கிக் கிடந்தது. விலை சரிந்துவிடாமல் இருக்க, ஈயம் விற்கும் நாடுகள் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்வதென்று ஒப்புக்கொண்டன. நம் நாட்டுக்கு வந்த பங்கைச் சுரங்கவாரியாகப் பிரித்து, இவ்வளவுதான் விற்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கோட்டா கொடுத்தார்கள். பல சுரங்கங்களுக்குப் பழைய விற்பனையில் பாதிதான் கிடைத்தது. இதோடு இன்னொரு விதியும் இருந்தது. சில சுரங்கங்கள் 'குரூப்' என்ற குழுவாகச் சேரலாம். அதில் ஒன்று மூடிக்கொண்டு, தன் கோட்டாவை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுத்து அதற்கு விலை வாங்கிக்கொள்ளலாம்.

புரியவில்லை என்றால் காப்பிக்கடையை வைத்துப் பாருங்கள். ஊரில் உள்ள எல்லாக் கடைகளும் இனிப் பாதிக் காப்பிதான் விற்கலாம் என்று உத்தரவு வருகிறது. ஒரு கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, தன் பாதியை அடுத்த கடைக்கு விற்றுவிட்டு வீட்டில் உட்காரலாம். அவருக்குப் பணம் வரும். கோப்பை கழுவுகிறவருக்கு எதுவும் வராது. இதை நான் எத்தனை முறை எழுதி அனுப்பினாலும் தலைமை அலுவலகத்தில் வெட்டிவிடுவார்கள். வாசகர்களுக்குப் புரியாது என்பார்கள். அவர்களுக்கே புரியவில்லை என்பது என் கணிப்பு.

ஒரு நாள் காலை காப்பிக்கடைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. கடைக்காரர் தெருமுனையில் நின்று கூப்பிட்டார். மறுமுனையில் ஆசிரியர்.

"என்னய்யா, மலாக்காவில தூங்கிட்டு இருக்கீரா?"

"இல்லை."

"அப்ப நம்ம போட்டிப் பத்திரிகையைப் பார்த்தீரா? ஜாசின் சாலைச் சுரங்கம் மூடல், தொழிலாளர்கள் நடுத்தெருவில். முதல் பக்கத்துல போட்டிருக்கான். உம்ம வீட்டுக்காரரே அங்கேதான் வேலை செய்றார்னு நீர்தானே சொன்னீர்?"

சொல்லியிருந்தேன். ஆறுமுகம் அன்று காலையும் சைக்கிளில் வேலைக்குப் போனார் என்பதையும் சொன்னேன்.

"வேலைக்குப் போனாரா, கடைசிச் சம்பளம் வாங்கப் போனாரா? விலை நல்லாத்தானே இருக்கு, ஏன் மூடுறான்? அதைக் கேட்டு எழுதும். மத்தியானத்துக்குள்ள வேணும்."

வீட்டுக்குத் திரும்பினால் லெட்சுமி வாசலில் நின்றார். மருத்துவமனைக்குப் புறப்பட்டவர், அந்தப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"அண்ணே, நீங்க பேப்பர்காரர். இது மெய்யா பொய்யான்னு எனக்கு ஒரு சொல்லு வேணும்."

"ஆறுமுகம் என்ன சொல்றார்?"

"அவரா? பாலோங் கழுவுறாங்க, அதான் பம்பு நிக்குதுங்கிறார். கடைசியாக் கழுவுறாங்களான்னு கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும்ங்கிறார். அவருக்கு இஞ்சின் இருமினா என்னன்னு தெரியும், தவுக்கே இருமினா தெரியாது."

தவுக்கே என்றால் சீன முதலாளி. பாலோங் என்பது உயரமான கால்களில் சரிவாக நிற்கும் நீண்ட மரத்தொட்டி. குழியின் அடியிலிருந்து சேறும் மணலும் கலந்த நீரைப் பம்பு அதன் தலைக்கு ஏற்றிவிடும். நீர் இறங்கி ஓடும்போது கனமான ஈய மணல் குறுக்குக் கட்டைகளின் பின்னால் தங்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கழுவி ஈயத்தை எடுப்பார்கள். அன்று வாசல் அடைத்திருக்கும், வெளியாளை விடமாட்டார்கள். முன்பு சட்டென்று முடித்துவிடுகிற வேலை இது. கோட்டா வந்தபின் அவசரம் இல்லாததால் நாள்கணக்கில் இழுத்தார்கள். சாலையில் காரை நிறுத்திப் பார்த்த அந்தப் பத்திரிகையின் செய்தியாளருக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்: பம்பு ஓடவில்லை, வாசல் திறக்கவில்லை. இரண்டும் உண்மைதான்.

ஆனால் லெட்சுமியின் கேள்வி நியாயமானது. மூடுவதற்கு முன் கடைசியாகக் கழுவுவதும் இப்படித்தான் இருக்கும். சாலையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஒன்றுதான்.

"ஜொகூர் எல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துல பம்புக்கு ஆள் கேக்குறாங்க," என்றார் லெட்சுமி. "வீடு கொடுப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றேன் இல்லைன்னு சொல்லணும். போனா என் வேலை போயிடும். மறுபடியும் தோட்டத்து லயத்துல போய் உக்காரணும். நான் அதுலேருந்து வெளிய வந்த பாடு எனக்குத்தான் தெரியும். லம்பம் ஓடும்னா வேணாம்னு சொல்லிடுவோம். மூடுதுன்னா இப்பவே போயிடணும், அப்புறம் எல்லாரும் அந்த வேலைக்கு ஓடுவாங்க. எது அண்ணே?"

ஆசிரியருக்கு மத்தியானத்துக்குள் செய்தி வேண்டும். இவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் வாழ்க்கை வேண்டும். பஸ் ஏறினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சுரங்க வாசலில் காவலுக்கு நின்ற சீக்கியருக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் வங்காளிக்கு, என்னைத் தெரியும். ஆறுமுகத்தைப் பார்க்க முன்பு வந்திருக்கிறேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, குடையையும் செருப்பையும் இங்கேயே வையுங்கள் என்றார். சுரங்கத்துக்குள் குடையும் காலணியும் போனால் மண்ணுக்குக் கோபம் வரும், ஈயம் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. அந்தத் தவுக்கே அதில் கண்டிப்பானவர். மழையில் குடையை வைத்துவிட்டு நனைந்தபடி நடந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு மூடப்போகிற இடத்தில் மண்ணின் கோபத்தைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே ஒரு எண்ணம் ஓடியது. எண்ணத்தைச் செய்தியாக அனுப்ப முடியாது. குழியின் விளிம்புக்குப் போனேன்.

பெரிய பம்பு குழியின் அடியில், கோணிச் சாக்கு போர்த்தி, வழக்கமான இடத்தில் இருந்தது. ஆறுமுகம் அதன் பக்கத்தில் குந்தி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் ஒரு சிறிய பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மழையிலும் ஊற்றிலும் சேரும் தண்ணீரை அது மேலே இறைத்து வெளியே விட்டது. குழியின் தரை சேறாக இருந்தது, நீர் தேங்கவில்லை.

அங்கேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூடப்போகிறவர் முதலில் பெரிய பம்பைக் கழற்றி மேலே ஏற்றுவார், அது மூழ்கினால் விற்க முடியாது. இரண்டாவதாக, தண்ணீர் இறைப்பதை நிறுத்துவார். நாளைக்குத் தேவைப்படாத குழியை இன்றைக்கு டீசல் எண்ணெய் எரித்து உலர்த்த எந்த முதலாளிக்கும் மனம் வராது. முதலாளி வாயால் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் எதற்குச் செலவு செய்துகொண்டிருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். வாய்க்கு எண்ணெய்ச் செலவு கிடையாது.

தவுக்கே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பழைய காகித உறை மாதிரி கசங்கிய முகத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு கடைவீதி மலாயில்.

"மூடப் போறியா தவுக்கே?"

"எல்லாரும் எப்ப மூடுவேன்னே கேக்கிறான். எப்பப் பம்பைப் போடுவேன்னு ஒருத்தனும் கேக்கல."

"எப்பப் போடுவே?"

"திங்கக்கிழமை." மூக்கை உறிஞ்சினார். "கோட்டா பாதி கொடுத்தான், சரி. நானும் பாதி தோண்டறேன். கூலி குறைக்கலாம். அரிசி குறைக்கலாம். தண்ணி குறையுமா? பாதி தோண்டினாலும் முழுசா எறைக்கணும். தண்ணிக்குக் கோட்டா கிடையாது, தெரியுமா?"

"அப்ப எப்படி ஓட்டுவே?"

"எண்ணெய்க்கடைக்காரன் அடுத்த விற்பனை வரைக்கும் பொறுத்தான்னா ஓட்டுவேன். எப்பவும் பொறுப்பான். குரூப்காரன் தினமும் வர்றான், கோட்டாவைக் கொடு, வீட்டுல உக்காருங்கிறான். வீட்டுல உக்காந்தா என் பொண்டாட்டி என்னை விறகு வெட்டச் சொல்லுவா. இங்க உக்காந்தா நான் தவுக்கே."

ஆறுமுகத்திடம் குழியின் விளிம்பிலிருந்து கத்தினேன்: மூடவில்லை, திங்கட்கிழமை பம்பு போடுகிறார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

காப்பிக்கடையிலிருந்து செய்தியைச் சொன்னேன். கோட்டாவில் இயங்கும் ஒரு சிறு சுரங்கம், தொட்டி கழுவும் பணி, திங்கட்கிழமை முதல் பம்பு, பாதி உற்பத்திக்கு முழு எண்ணெய்ச் செலவு. அத்தோடு ஒரு கோரிக்கை வைத்தேன். மறுப்பு என்ற சொல் வேண்டாம், மூடல் என்ற சொல்லும் வேண்டாம்.

"ஏன் வேண்டாம்?" என்றார் ஆசிரியர்.

"மூடவில்லை என்பது செய்தியே இல்லை. நேற்றும் மூடவில்லை, போன மாதமும் மூடவில்லை."

"அவன் மூடியாச்சுன்னு போட்டிருக்கான். நாம மூடலைன்னு போட்டாத்தானே அவன் மூக்கு உடையும்?"

"அவர் மூக்கைப் பற்றிச் சுரங்கத்தில் யாருக்கும் கவலையில்லை. எண்ணெய்க் கடைக்காரர் என்ன நினைப்பார் என்பதுதான் அங்கே கவலை."

"எண்ணெய்க் கடைக்காரனுக்கா நாம பத்திரிகை நடத்துறோம்?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது: "ஜாசின் சாலைச் சுரங்கம் மூடப்படவில்லை! முதலாளி மறுப்பு." கீழே என் செய்தியிலிருந்து நான்கு வரி. எண்ணெய்ச் செலவும் கோட்டாவும் காணாமல் போயிருந்தன. முடிவில், "இருப்பினும் தொழிலாளர்களிடையே அச்சம் நிலவுகிறது." அந்த 'இருப்பினும்' என்னுடையது அல்ல. நான் பார்த்த தொழிலாளர்களிடையே நிலவியது சளி.

முந்தின மாலை நான் குழியில் கண்டதைச் சொல்லியிருந்ததால், அந்தக் காலையில் லெட்சுமி தோட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் பார்த்ததை நம்பினார். நான் எழுதியதாக நினைத்ததையும் நம்பினார்.

நான் பட்டணத்துக்கு, அந்தச் சுரங்கத்துக்கு எண்ணெய் கொடுக்கும் கடைக்குப் போனேன். அந்தக் கடையில் கணக்கு எழுதும் கிராணி தமிழர். முதலாளி சீனர், யாருக்குத் தவணை நீட்டலாம் என்று கிராணியைத்தான் கேட்பார். கிராணியின் மேசையில் இரண்டு நாள் பத்திரிகைகளும் விரித்துக் கிடந்தன.

"வாங்க சார், உங்க பேப்பரைத்தான் படிச்சிட்டிருக்கேன்."

"முழுதும் படித்தீர்களா? மூடவில்லை என்றுதான் இருக்கிறது."

"அதான் சார் பயமா இருக்கு. நேத்து அவன் போட்டதை நான் நம்பல. அந்தப் பேப்பர் சும்மா அள்ளி விடுவான். உங்க பேப்பர் அப்படி இல்ல. நீங்களே முதல் பக்கத்துல இல்லை இல்லைன்னு சொல்றீங்கன்னா உள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இல்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்."

"என் சம்சாரம் நல்லா இருக்கான்னு பேப்பர்ல போடுவீங்களா? போட்டீங்கன்னா தெருவே வந்து என்னாச்சுன்னு கேக்கும்லா."

நான் பார்த்த குழியைப் பற்றிச் சொன்னேன். சிறிய பம்பு ஓடுவதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் சின்னப் பம்புல எரியறது யார் எண்ணெய் சார்? எங்க எண்ணெய். நாங்க கொடுத்த எண்ணெயை ஊத்தி எரிச்சா அது அவர் தைரியமா, எங்க தைரியமா?"

சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டியது குழி அல்ல, எங்கள் தலைப்பு. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"முதலாளிகிட்டச் சொல்லிட்டேன் சார். இனிமே ஜாசின் ரோட்டுக்கு எண்ணெய் போகணும்னா கையில காசு. பழைய பாக்கி அப்புறம். எனக்கும் வேலை இருக்கணும் இல்லையா."

திங்கட்கிழமை பம்பு போடவில்லை. நான் போனபோது வாசல் விரியத் திறந்திருந்தது. யாரும் குடையைக் கேட்கவில்லை. வேண்டுமென்றே செருப்போடு நடந்தேன், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. கொட்டகையில் தவுக்கே இரண்டு பத்திரிகைத் தாள்களையும் கிராணியிடமிருந்து வாங்கி வந்து வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"சூராட் கபார்காரன் வந்துட்டான்," என்று பத்திரிகைக்காரனான என்னை மலாயில் சொன்னார், யாரிடமோ பேசுவதுபோல. "ஒரு பேப்பர் நான் செத்துட்டேன்னு போடுது. ஒரு பேப்பர் நான் சாகலைன்னு போடுது. ரெண்டையும் பார்க்கிறவன் என்ன செய்வான்? பெட்டி செய்றவனைத்தான் கூப்பிடுவான்."

"நான் அப்படி எழுதவில்லை தவுக்கே."

"யார் எழுதினா? உன் பேப்பர் தானா எழுதிக்குமா?"

குரூப்காரரிடம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றார். கோட்டாவைப் பேராக்கில் உள்ள ஒரு பெரிய சுரங்கம் எடுத்துக்கொள்கிறது. "தோண்டினா நஷ்டம். தோண்டாம இருந்தா காசு. நீ என்ன செய்வே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "விறகு வெட்டப் போறேன்," என்றார்.

ஆறுமுகமும் இன்னும் மூன்று பேரும் பெரிய பம்பைச் சங்கிலி கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டில் லெட்சுமி இருந்தார். தோட்டத்து வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதை விசாரித்து அறிந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, நீங்க போய்ப் பார்த்தது சரிதானே?"

"சரிதான்."

"சொன்னதும் சரிதானே?"

"அப்போது சரி."

"பம்பு நல்லா இருக்கு, மண்ணுல ஈயம் இருக்கு, விலையும் இருக்குங்கிறாங்க. அப்புறம் எப்படி அண்ணே லம்பம் மூடிச்சு?"

இரண்டு பத்திரிகைகளும் சேர்ந்து மூடின என்று சொல்லியிருக்கலாம். கோட்டாவின் மேலும் பழி போட்டிருக்கலாம், அதுவும் பொய்யல்ல. சுரங்கம் ஒரு மாதம் தாண்டியிருந்தாலும் அடுத்த கோட்டாவில் விழுந்திருக்கலாம். அதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் அதற்கு அந்த ஒரு மாதத்தைக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். லெட்சுமி பதிலுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். இனி அந்த வீட்டுக்கு அந்த ஒரு சம்பளம்தான்.

நீங்கள் பங்குச் சந்தையைப் பற்றியோ பாமாயிலைப் பற்றியோ எழுதப்போகிறவர்கள். ஈயம் உங்களுக்குப் பழைய கதை. ஆனால் கடனில் ஓடும் எந்தத் தொழிலும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது. அதைப் பற்றி எழுதும்போது நீங்கள் வேலிக்கு வெளியே நிற்கவில்லை, குழிக்குள் நிற்கிறீர்கள். ஒரு நிறுவனம் திவாலாகவில்லை என்று தலைப்புப் போட நினைக்கும்போதெல்லாம் அந்தக் கிராணியின் சம்சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் என்ன வாங்குகிறது, எதற்கு எண்ணெய் ஊற்றுகிறது என்பதை எழுதுங்கள். போதும். இதை நான் எத்தனை ஆண்டாகச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

சில நாள் கழித்து மறுபடி ஜாசின் சாலைக்குப் போனேன். சிறிய பம்பும் போய்விட்டிருந்தது. குழியில் தண்ணீர் ஏறி, பெரிய பம்பு இருந்த இடம் தெரியவில்லை. பாலோங்கின் கால்கள் தண்ணீரில் நின்றன. காப்பிக்கடைக்குத் திரும்பி அன்றுதான் ஆசிரியருக்குச் செய்தியைச் சொன்னேன்: ஜாசின் சாலைச் சுரங்கம் மூடப்பட்டது.

"இப்பவா சொல்றீர்?" என்றார். "அவன் எப்பவோ போட்டுட்டானே. பாரும், கடைசியில அவன் போட்டதுதானே நடந்தது."

தாமதமாக வந்த செய்தி என்று என் பெயருக்கு எதிரே அலுவலகத்தில் குறித்துக்கொண்டார்கள். எட்டாம் பக்கத்தில், ஈய விலை உயர்ந்த செய்திக்குக் கீழே, இரண்டு வரியில் அதைப் போட்டார்கள்.